அக்கினியை உறங்க வைக்கும் மண்

சென்ற ஆனி மாதம் முழுவதும் நான் லிதுவேனியா நாட்டில் தங்கியிருந்தேன். ஐரோப்பாவின் வடகிழக்கே, பால்டிக் கடலோரமாக அமைந்த சிறிய நாடு அது. மக்கள்தொகை ஏறத்தாழ 29 லட்சம். அங்கே கௌனஸ் என்னும் நகரில் என் மகளும் மாப்பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பேத்தியும் வசிக்கிறார்கள். என் மனையாள் இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காவிரிக் கரை வீட்டில் தனியே இருக்கும் தகப்பனை ஒரு மாதமாவது தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மகளின் விருப்பம்.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே ஒரு பிழை செய்தேன். அதை மறைத்துவிட்டு இந்தப் பயணத்தைச் சொல்ல என்னால் இயலாது. மகள் வீட்டுப் பூஜை மாடத்தில் குத்துவிளக்கு இருந்தது. அதில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. அருகே பேட்டரியில் எரியும் சிறு விளக்கொன்று மினுக்கிக்கொண்டிருந்தது. வாடகைக் குடியிருப்பு, கூரையில் புகை கண்டால் அலறும் மணி, இருவரும் பகல் முழுதும் வேலைக்குப் போகிறவர்கள், பூட்டிய வீட்டில் சுடரை வைத்துவிட்டுப் போக முடியாது. மகள் சொன்ன காரணங்கள் அனைத்தும் நியாயமானவை. ஆயினும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "உன் அம்மா ஐம்பது வருஷம் ஏற்றிய விளக்கு, கடைசியில் பேட்டரியில் வந்து நிற்கிறதே" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். மூன்று நாள் எங்களுக்குள் சரியான பேச்சில்லை.

இந்த இறுக்கத்தைக் கண்ட மாப்பிள்ளைதான் வழி தேடினார். "மாமா, ஜூன் 24 இங்கே அரசு விடுமுறை. காரில் மேற்கே போய் வரலாம். ஐரோப்பாவிலேயே கடைசி வரை பழைய தெய்வங்களை விடாமல் கும்பிட்ட மக்களின் நாடு அது. உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். அவ்வாறு அமைந்ததே ஜெமைத்தியா என்னும் நிலப்பகுதி வழியான எங்கள் மூன்று நாள் யாத்திரை.

தாழ்நிலத்தார் என்று பெயர் பெற்ற குன்றத்தார்

பால்டிக் கரையில் முற்காலத்தில் பல குடிகள் வாழ்ந்தன. பிரஷ்யர், யோத்விங்கியர், குரோனியர், செமிகாலியர், லத்காலியர், ஜெமைத்தியர் என்று அவர்களுக்குப் பெயர். இவர்களுள் பழைய பிரஷ்யரின் மொழி 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பேசுவோரின்றி மறைந்தது. யோத்விங்கியரும் மறைந்தனர். இன்று எஞ்சி வாழும் பால்டிக் மொழிகள் லிதுவேனியமும் லாத்வியமுமே. ஜெமைத்தியர் இன்றும் தம் தனி வழக்கோடு வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவதைத் தலைநகரத்தார் புரிந்துகொள்ளத் திணறுவார்கள் என்று பேத்தி சிரித்தாள். அவள் உள்ளூர்ப் பள்ளியில் படிப்பதால் அந்த மொழி அவளுக்குத் தாய்மொழி போலவே வருகிறது. பயணம் முழுவதும் அவளே எங்கள் மொழிபெயர்ப்பாளர்.

ஜெமைத்தியர் என்றால் தாழ்நிலத்தார் என்று பொருள். ஆனால் கௌனஸிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு விலகியதும், பசும்புல் போர்த்த குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வயல்களுக்கு நடுவே நாரைகள் கம்பங்களின் மீது கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. ஒவ்வொரு கிராம முகப்பிலும் செதுக்கிய மரத்தூணோ சிறு மாடமோ நின்றது. கூரை வைத்த அந்த மாடங்களுக்குள் கிறிஸ்தவத் திருவுருவங்கள். உச்சியில் இரும்புச் சிலுவை. அச்சிலுவையைச் சுற்றிக் கதிர் விரிக்கும் சூரியனும், அதன் கீழே பிறைச்சந்திரனும் இருப்பதைக் கண்டு காரை நிறுத்தச் சொன்னேன். நாடு மதம் மாறி அறுநூறு ஆண்டுகள் ஆகியும் சூரிய சந்திரர் அந்த உச்சியை விட்டு இறங்கவில்லை. இந்தச் சிலுவைக் கைவினையை யுனெஸ்கோ நிறுவனம் மானுடப் பண்பாட்டுச் செல்வமாகப் போற்றுகிறது.

மெத்வேகாலிஸ் குன்றில்

முதலில் சென்றது மெத்வேகாலிஸ் குன்றுக்கு. 234 மீட்டர் உயரம். நம் மலைக்கோயில்களைக் கண்டவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஜெமைத்தியாவில் இதுவே மிக உயர்ந்த இடம். மரப்படிகள் அமைத்திருக்கிறார்கள். முழங்கால் வலியோடு நின்று நின்று ஏறினேன். மேலே கோட்டையும் இல்லை, கோயிலும் இல்லை. காற்றும் புல்லும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்களும் ஏரிகளுமே இருந்தன.

13ஆம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், ஜெர்மானிய வீரத்துறவியர் படைகள் இந்த நிலத்தின் மீது சிலுவைப் போர் தொடுத்தன. தென்மேற்கே பிரஷ்யாவும் வடக்கே லிவோனியாவும் அவர்கள் வசமாகிவிட, இடையில் ஜெமைத்தியா மட்டும் முள்ளாக உறுத்தியது. 1260இல் துர்பே என்னுமிடத்தில் ஜெமைத்தியர் அப்படையைப் பெருந்தோல்வி அடையச் செய்தனர். 1329இல் பொஹீமியா நாட்டு மன்னன் ஜான் தன் படையோடு வந்து சேர்ந்துகொள்ள, மெத்வேகாலிஸ் கோட்டை முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. சரணடைந்தவர்களைக் கொல்லாமல் ஞானஸ்நானம் அளித்து விட்டுவிடும்படி அம்மன்னன் கேட்டுக்கொண்டானாம். அவ்வாறே ஆறாயிரம் பேருக்குத் திருமுழுக்கு நடந்ததாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. படை ஊர் திரும்பியதும் அத்தனை பேரும் தம் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டனர்.

"ஆறாயிரம் பேரும் திரும்பிட்டாங்களா தாத்தா? எந்தக் கோயிலுக்குத் திரும்பினாங்க?" என்று பேத்தி கேட்டாள். அவர்களுக்குக் கட்டிய கோயில்கள் பெரிதாக இருந்ததில்லை. கருவாலி மரத்தோப்பும், நீரூற்றும், குன்றின் மீது எரியும் தீயுமே அவர்களுக்குச் சந்நிதி. அத்தகைய புனித இடத்தை 'அல்கா' என்பர். நம் கிராமங்களில் அய்யனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயில் காடுகளில் இலை பறிக்கக்கூட அஞ்சுவோமே, அத்தகைய அச்சமும் பக்தியும் அவர்களுக்கு அந்தத் தோப்புகளின் மீது இருந்தன.

காருக்குள் நடந்த ஒரு மொழிப் பாடம்

குன்றிலிருந்து இறங்கிச் செல்கையில் பேத்தி ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். அவள் லிதுவேனியச் சொல்லைச் சொல்வாள். நான் பொருளை ஊகிக்க வேண்டும்.

"உக்னிஸ்" என்றாள். சற்று யோசித்து "அக்கினியா?" என்றேன். "சரி தாத்தா, நெருப்பு!" என்று கைதட்டினாள். "தியெவாஸ்" என்றாள், தேவன். "தூமாய்"; புகை, நாம் தூமம் என்பது. "மெதுஸ்", தேன், மது. "வேயாஸ்", காற்று, வாயு. "ரதாஸ்", சக்கரம், நம் ரதம். "தந்திஸ்", பல், தந்தம். "சூனுஸ்", மகன், வடமொழியில் சூனு. எண்களில் திரீஸ், கெதுரி, பெங்கி என்று தொடங்கி, செப்தினி, அஷ்துவோனி, தெஷிம்த் என்று வந்தபோது, சங்கற்பம் சொல்லும் எந்தச் சாஸ்திரிகளும் புன்னகைப்பார் என்று எண்ணினேன்.

மாப்பிள்ளை ஓர் எச்சரிக்கையும் சொன்னார். "மாமா, இதை வைத்துக்கொண்டு அவர்கள் நம்மிடமிருந்து வந்தவர்கள், நாம் அங்கிருந்து வந்தவர்கள் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள்." மொழியியலார் கூறுவது, லிதுவேனியமும் வடமொழியும் ஒரே தொல்மொழியிலிருந்து பிரிந்து வெகுதூரம் சென்ற உறவினர் என்பதே. இன்று பேசப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுள் பழைய ஒலிகளையும் வேற்றுமை உருபுகளையும் மிகுதியாகக் காத்து வைத்திருப்பது லிதுவேனியம். நம் தாய்மொழியாம் தமிழ் வேறு குடும்பத்தது. ஆயினும் தினமும் மந்திரம் கேட்டுப் பழகிய செவிக்கு, பனி விழும் அத்தேசத்துக் குழந்தை வாயில் 'உக்னிஸ்' என்ற சொல் கேட்டால் மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது.

அவர்களுடைய இடிதெய்வத்துக்குப் பெர்கூனாஸ் என்று பெயர். மழையும் மின்னலும் கருவாலி மரமும் அவருக்கு உரியவை. வேதம் கூறும் பர்ஜன்யனோடு அப்பெயரை ஒப்பிடும் அறிஞர் உளர், ஏற்காதாரும் உளர். பூமித்தாய்க்கு ஜெமீனா என்று பெயர். காலையிலும் மாலையிலும் தரையை முத்தமிட்டு அவளை வணங்குவது பழைய வழக்கமாம். விடியலில் பாதம் பதிக்குமுன் பூமாதேவியைத் தொட்டு மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தை என் தாயார் எனக்குக் கற்பித்தது நினைவுக்கு வந்தது. வீட்டருகே வாழும் விஷமற்ற புல்பாம்பை ஜால்தீஸ் என்று போற்றிப் பால் வைப்பார்களாம். அதைக் கொன்றால் சூரியன் கண்ணீர் வடிப்பான் என்று முதியோர் சொல்வார்களாம். தேனீயைப் பற்றிய செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. விலங்குகளின் சாவைக் குறிக்க அம்மொழியில் தனிச்சொற்கள் உண்டு. தேனீக்கு மட்டும் மனிதருக்குரிய சொல்லையே சொல்வர். தேன்கூட்டைப் பகிர்ந்துகொண்டவர்கள் உறவினர் போல் ஆகிவிடுவர். தோழன் என்பதற்கு அவர்களிடம் வழங்கும் ஒரு சொல்லே தேனீ என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

வர்னியாய்: நூலைச் சுமந்தவர்கள்

நண்பகலில் வர்னியாய் என்ற சிற்றூரை அடைந்தோம். லிதுவேனியாவின் மற்றப் பகுதிகள் 1387இல் கிறிஸ்தவம் ஏற்ற பிறகும் ஜெமைத்தியா ஏற்கவில்லை. 1413இல் போலந்து மன்னன் யோகைலாவும் லிதுவேனியப் பெருங்கோமான் வீதௌதாஸும் நேரில் வந்து தோப்புகளை வெட்டச் செய்து, தீயை அணைக்கச் செய்து, மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தனர். 1417இல் இங்கே மறைமாவட்டம் நிறுவப்பட்டது. ஐரோப்பாவில் பழைய சமயத்தின் கடைசிக் கோட்டை அன்றோடு வீழ்ந்தது.

அந்த 1413ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைப் போலந்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். உலகம் படைக்கப்பட்ட வரலாற்றைப் பாதிரியார் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தாராம். கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மன்னனிடம், "இவர் சொல்வதை நம்பாதீர்கள். எங்களில் இவரைவிட மூத்தவர் பலர் இருக்கிறோம், எங்களுக்கே அது ஞாபகமில்லை" என்ற பொருள்படச் சொன்னாராம். நம் ஊர்த் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் குரலாகவே அது எனக்குக் கேட்டது.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். வலிந்து புகுத்தப்பட்ட அதே கிறிஸ்தவம், சில நூற்றாண்டுகளுக்குப் பின் அம்மக்களின் உயிரோடு ஒன்றிவிட்டது. பிறகு அதற்கும் சோதனை வந்தது. 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள், ருஷ்யப் பேரரசு லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை விதித்தது. பிரார்த்தனைப் புத்தகம் வைத்திருப்பதுகூடக் குற்றமாயிற்று. வர்னியாயில் ஆயராக இருந்த மோதியேயுஸ் வலான்ச்சியுஸ், எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில் நூல்களை அச்சிட்டு ரகசியமாகக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். அவற்றை முதுகில் சுமந்து இரவில் எல்லை கடந்தவர்களை 'நூல் சுமப்போர்' என்று இன்றும் போற்றுகிறார்கள். பிடிபட்டவர் பலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். பள்ளியில் தாய்மொழி இல்லாத அந்நாட்களில், இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே தாய்மார் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். பெத்ராஸ் ரிம்ஷா என்ற சிற்பி 1906இல் அந்தக் காட்சியையே சிலையாக வடித்தார். ஒரு கை இராட்டையில், அருகே புத்தகத்தோடு குழந்தை. அதற்கு அவர் இட்ட பெயர் 'லிதுவேனியப் பள்ளி'.

அச்சிலையின் படத்தைப் பேத்தி கைப்பேசியில் காட்டியபோது, முன் இருக்கையில் இருந்த என் மகள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஏரிக்கரை வீட்டில் ஓர் இரவு

மாலையில் பிளாதெலியாய் ஏரிக்கரைக்கு வந்தோம். ஜெமைத்தியாவின் மிகப் பெரிய ஏரி அது. கரையருகே ஒரு பண்ணை வீட்டில் தங்க இடம் பிடித்திருந்தார் மாப்பிள்ளை. வீட்டுக்காரம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். தலையில் துணி முக்காடு, கழுத்தில் ஜெபமாலை. நாங்கள் புலால் உண்ணோம், முட்டையும் வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால், வேகவைத்த உருளைக்கிழங்கும், புளித்த பாலேட்டையும் வெண்ணெயையும் வெந்நீரின் மேல் வைத்துக் கடைந்தெடுத்த 'காஸ்தினிஸ்' என்னும் பண்டமும், தாமே சுட்ட கம்புரொட்டியும் பரிமாறினார். கம்பு என்று நான் எழுதுவது நம் ஊர்க் கம்பு ஆகாது. 'ரை' என்னும் தானியம். ஒரு துண்டு கீழே விழுந்தது. அம்மையார் குனிந்து எடுத்து, முத்தமிட்டு, மேசையில் வைத்தார். சோற்றுப் பருக்கையை மிதிக்கலாகாது என்று வளர்ந்த எனக்கு அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இரவு பத்து மணியாகியும் வானில் வெளிச்சம் இருந்தது. அந்நாட்டில் ஜூன் மாத இரவு அத்தனை குறுகியது. அம்மையார் ரொட்டி சுட்ட அடுப்பின் முன் மண்டியிட்டு, கங்குகளை ஒரு மூலையில் கூட்டி, மேலே சாம்பலை மெல்ல மூடினார். சாம்பலின் மீது விரலால் சிலுவைக்குறி இட்டு ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் தூய நீர் எடுத்து அடுப்பின் ஓரத்தில் வைத்தார்.

"நெருப்பை அணைத்துவிட்டாரா?" என்று கேட்டேன்.

பேத்தி அவரிடம் கேட்டுவிட்டு என் காதருகே சொன்னாள்: "தாத்தா, அணைக்கலையாம். தூங்க வைக்கிறாங்களாம். அப்படி அணைச்சிட்டேன்னு சொல்லவே கூடாதாம்."

எனக்கு மெய் சிலிர்த்தது. விளக்கை 'அணை' என்று நம் வீடுகளில் யாராவது சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்களே! 'மலையேற்று' என்போம், 'குளிர வை' என்போம், 'அமர்த்து' என்போம். ஒரு சொல்லில்கூட அக்கினி பகவானுக்கு முடிவு கூறலாகாது என்ற அதே மனம், பால்டிக் கரையிலும் இருந்திருக்கிறது.

அடுப்புத் தீக்கு அவர்கள் வைத்திருந்த பழைய பெயர் காபியா. அவள் வீட்டைக் காக்கும் தேவி. தீயில் உமிழலாகாது, காலால் தள்ளலாகாது, உணவில் சேர்க்கும் உப்பில் ஒரு சிட்டிகை அவளுக்கும் இட வேண்டும். இரவில் அவள் நீராடுவதற்காகவே அருகில் தூய நீர். புதுமணப்பெண் புகுந்த வீட்டுக்குச் செல்கையில் தன் தாய்வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துச் செல்வதும் வழக்கமாக இருந்ததாம். மதம் மாறிய பின் அந்த இடத்துக்குப் புனித ஆகத்தா வந்தார். பிப்ரவரி 5ஆம் நாள், அவர் திருநாளில் ஆலயத்தில் மந்திரித்த ரொட்டியை வீட்டில் வைத்தால் தீ விபத்து நேராது என்று இன்றும் நம்புகிறார்கள். "நான் சொல்வது ஆகத்தாவிடம்தான். என் பாட்டி இரண்டு பேரையும் கூப்பிடுவார்" என்று அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு தம் கதையைச் சொன்னார். சோவியத் ஆட்சிக் காலத்தில் லிதுவேனியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கும் பிற இடங்களுக்கும் நாடுகடத்தப்பட்டனர். 1949இல் ஒரே வீச்சில் பல்லாயிரம் குடும்பங்கள் கால்நடை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டன. அப்போது அம்மையாருக்கு நான்கு வயது. மரக்கொட்டகையில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஓர் இரும்பு அடுப்பு.

"அங்கே உங்கள் வழிபாட்டை எப்படிக் காத்தீர்கள் அம்மா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி மொழிபெயர்த்ததை அப்படியே எழுதுகிறேன்: "ஆலயம் இல்லை. புத்தகம் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பும் அங்கே இல்லை. அது யாருடைய அடுப்போ. அம்மா அதன் முன்னாலும் இரவு இதே மாதிரி உட்கார்ந்து சாம்பல் மூடினார். எந்த அடுப்பாக இருந்தால் என்ன? உள்ளே இருப்பது அதே நெருப்புதானே."

நான் என் மகளின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

பனித்துளித் திருநாள்

மறுநாள் காலை ஜெமைச்சு கல்வரியா என்ற யாத்திரைத் தலத்துக்குச் சென்றோம். 17ஆம் நூற்றாண்டில் உருவான தலம். குன்றுகளின் மீது சிதறி நிற்கும் சிற்றாலயங்களை அடியார்கள் பாடிக்கொண்டே கால்நடையாகச் சுற்றி வருவார்கள். ஜூலைத் தொடக்கத்தில் நடக்கும் பெருவிழாவில் கூட்டம் அலைமோதுமாம். அங்கே பாடும் பாடல்களையே ஊர்களில் நீத்தார் இல்லத்திலும் கூடி அமர்ந்து பாடுவார்களாம். கிரிவலம் வரும் நமக்கு அந்த நடையின் பொருள் தெரியும். ஒரு முதியவர் தடியூன்றி, ஒவ்வொரு சிற்றாலயத்தின் முன்பும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சென்றார். நானும் அவர் பின்னே கைகூப்பி நடந்தேன்.

ஜூன் 23 இரவு ராசோஸ் திருவிழா. ராசா என்றால் பனித்துளி. நம் 'ரசம்' என்ற சொல்லின் உறவு. ஆண்டின் மிகக் குறுகிய இரவை ஒட்டிய விழா இது. புனித யோவானின் பெயராலும் கொண்டாடுகிறார்கள். பெண்கள் மலர்க்கிரீடம் சூடி வந்தனர். ஏரிக்கரையில் பெருந்தீ மூட்டினர். கம்பத்தின் உச்சியில் தீச்சக்கரம் எரிந்தது. கார்த்திகை தீபத்தன்று கோயில் வாசலில் எரியும் சொக்கப்பனையே என் கண்முன் நின்றது. கைகோத்துச் சுற்றிவந்து பாடினார்கள். பிறகு மலர்க்கிரீடங்களில் சிறு மெழுகுவத்தி வைத்து ஏரியில் மிதக்க விட்டார்கள். விடியலில் புல்லின் பனித்துளியை அள்ளி முகம் கழுவினார்கள்.

இந்த விழாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1967இல் யோனாஸ் திரின்கூனாஸ் முதலிய இளைஞர்கள் கெர்னவே என்னும் பழைய ஊரில் இதைப் பொதுவில் கொண்டாடினர். பழைய வழிபாட்டை மீட்கும் ரோமுவா இயக்கத்துக்கு அதுவே வித்து. சோவியத் அரசு அதை ஒடுக்கியது. திரின்கூனாஸ் 1973இல் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். விடுதலைக்குப் பின் 1992இல் ரோமுவா ஒரு சமயச் சமூகமாகப் பதிவு பெற்றது. அரசின் முழு அங்கீகாரத்துக்காக நெடுநாள் போராடி, 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்புப் பெற்று, இறுதியில் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்தையும் அடைந்தது. அணைக்கப்பட்ட தீக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இடம் இது.

பிருத்தேயின் குன்று

மூன்றாம் நாள் கடற்கரை ஊரான பலங்காவுக்குச் சென்றோம். பழங்காலத்தில் குரோனியர் வாழ்ந்த கரை. பைன் மரங்கள் அடர்ந்த பூங்காவின் நடுவில் மணற்குன்று ஒன்று. அதன் மீது 1869இல் கட்டிய சிறிய தேவாலயம். பூங்காவிலுள்ள மாளிகையில் அம்பர் அருங்காட்சியகம் இருக்கிறது. நான்கு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரப்பிசின், கல்லாகிப் பொன்னிறத்தில் ஒளிர்வதை அங்கே காணலாம்.

அந்தக் குன்றுக்குப் பிருத்தேயின் பெயர். 14ஆம் நூற்றாண்டில் பிருத்தே என்னும் கன்னி இங்கே தெய்வங்களின் தீயைக் காக்கும் நோன்பு பூண்டிருந்தாள் என்பது ஐதிகம். கெஸ்துதிஸ் என்னும் கோமகன் அவளைக் கண்டு மணம் பேசினான். நோன்பைக் கைவிட அவள் மறுத்தாள். அவன் அவளைக் கவர்ந்து சென்று மணந்துகொண்டான். கணவன் மறைந்தபின் அவள் இக்குன்றுக்கே திரும்பி வந்து இங்கேயே அடக்கமானாள் என்றும் சொல்கிறார்கள். அகழாய்வில் இக்குன்றின் மீது மரத்தூண்கள் நின்ற தடயங்கள் கிடைத்தன. சூரியனின் போக்கை நோக்கி விழாநாள் குறிக்க அவை பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். அதன் அடிப்படையில் 1998இல் அருகிலுள்ள ஷ்வெந்தோயி கடற்கரையில் தெய்வங்களின் பெயரால் செதுக்கிய தூண்களை மீண்டும் நாட்டியிருக்கிறார்கள். ஷ்வெந்தோயி என்ற ஊர்ப்பெயருக்கே 'புனிதமானது' என்று பொருள்.

அந்தப் பிருத்தேயின் மகன் யார் தெரியுமா? 1413இல் ஜெமைத்தியாவின் தீயை அணைக்கச் செய்த அதே வீதௌதாஸ்தான். தாய் காத்த தீயை மகன் அணைத்தான். இதை எண்ணி அக்குன்றின் படியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் வீதௌதாஸைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பிராக் நகரிலிருந்து வந்த ஜெரோம் என்ற துறவி, லிதுவேனியாவின் புனிதத் தோப்புகளை ஊர் ஊராக வெட்டி வந்தார். அப்போது பெண்கள் திரளாக வீதௌதாஸிடம் சென்று அழுதார்களாம். அந்தத் தோப்பில்தான் வெயிலும் மழையும் வேண்டினோம். அதை வெட்டினால் கடவுளை இனி எங்கே தேடுவோம் என்பது அவர்கள் முறையீடு. வீதௌதாஸ் மனமிரங்கித் துறவியை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னான். பின்னாளில் போப்பாண்டவரான பிக்கொலோமினி, அத்துறவியின் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைத்த செய்தி இது. அன்று அழுத பெண்களின் குரலில் அவன் தன் தாயின் குரலைக் கேட்டானோ என்னவோ!

மன்னர்கள் ஆணையிட்டார்கள், தோப்புகள் வீழ்ந்தன, குன்றின் மீது எரிந்த பெருந்தீ அணைந்தது. ஆனால் எந்த ஆணையும் அடுப்பங்கரை வரை சென்று எட்டவில்லை. அங்கே ஒருத்தி இரவுதோறும் கங்கைச் சாம்பலால் மூடிக்கொண்டிருந்தாள். அவள் மகளும் மூடினாள். பெயர் மாறிற்று, மந்திரம் மாறிற்று, நாடே மாறிச் சைபீரியாவானது. கை மட்டும் மாறவில்லை. வெளியூரில், வாடகை வீட்டில், பகல் முழுதும் உழைத்துவிட்டு வந்து, கிடைத்ததை வைத்தாவது சுவாமிக்கு ஒரு வெளிச்சம் வைத்த என் மகளும் அந்த வரிசையில் நிற்பவள்தான். அதைக் காண எனக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வர வேண்டியிருந்தது.

விளக்கு

அன்றிரவே கௌனஸ் திரும்பினோம். ஏறக்குறைய 230 கிலோமீட்டர். வழியில் மகளிடம், "அம்மா, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன் அம்மா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாள்" என்றேன். "அப்பா, நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது" என்றாள். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை, பேசவும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குத்துவிளக்கைத் துலக்கினாள். சன்னலைத் திறந்து வைத்து, எல்லோரும் கூடத்தில் இருக்கும் அந்தக் கால்மணி நேரத்துக்கு மட்டும், ஒரே ஒரு திரியிட்டு ஏற்றினாள். கூரை மணி ஒலிக்கவில்லை. அன்றுமுதல் நான் இருந்தவரை மாலைதோறும் அப்படியே நடந்தது; இப்போதும் நடக்கிறது என்று தொலைபேசியில் சொல்கிறாள். பகலில் பேட்டரி விளக்கும் அதே மாடத்தில் இருக்கிறது. அதன்மீது எனக்கு இப்போது வருத்தம் ஏதுமில்லை.

அன்று கால்மணி நேரம் கழிந்ததும் பேத்தி ஒரு பூவைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கருகே போனாள். சுடரைப் பார்த்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா, தூங்க வைக்கட்டுமா?" என்றாள்.